ஹாலிஃபாக்ஸ் பூங்காக்கள்: காற்றைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுப்பது

கோயம்புத்தூரிலிருந்து சென்ற அக்டோபரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகருக்குக் குடிவந்த நண்பர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. ஊரில் பூங்காக்களுக்குக் குறைவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். இவர்களும் போகிறார்கள், ஒரு சுற்று நடக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். அதற்குள் மனைவிக்குக் குளிர ஆரம்பித்துவிடுகிறது, நான்கு வயது மகளுக்குச் சலித்துவிடுகிறது, அரை மணி நேரத்தில் வீடு திரும்பிவிடுகிறார்கள். ஜூலையில் பெற்றோர் வேறு வருகிறார்கள். ஊர்க்காரர்கள் மணிக்கணக்கில் அங்கே என்னதான் செய்கிறார்கள் என்பது அவர் கேள்வி. எந்தப் பூங்கா நல்லது என்று அவர் கேட்கவில்லை. பட்டியல் அவரிடமே இருக்கிறது. ஒரு பூங்காவில் தங்கியிருப்பது எப்படி என்பதுதான் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நகர மரங்களைப் பராமரிக்கும் தொழிலில் பயிற்சி பெற்று, இந்த ஊரில் பல ஆண்டுகளாக அதே வேலையைச் செய்து வருகிறேன். மரம், மண், காற்று பற்றிச் சொல்வதைத் துணிந்து சொல்வேன். உண்ணிக்கடி பற்றிப் பின்னால் சொல்லியிருப்பது வெளியில் வேலை செய்கிற எவரும் அறிந்திருக்க வேண்டிய அளவுதான்; நான் மருத்துவன் அல்லன். வசதிகள் திறந்திருக்கும் நாள்களை நகராட்சி ஆண்டுதோறும் மாற்றுவதால், அவற்றைக் கிளம்புமுன் நகராட்சியின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் அரை மணி நேரத்துக்கு அதுதான் பெரும்பாலும் காரணம். கோவையில் வெயிலைப் பார்த்து வெளியே கிளம்பிப் பழகியவர்கள் இங்கும் வானத்தைப் பார்த்துக் கிளம்புகிறார்கள். ஹாலிஃபாக்ஸில் வானத்தைவிடக் காற்று வீசும் திசை முக்கியம். நகரம் அட்லாண்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தீபகற்பத்தின் மேலும், துறைமுகத்துக்கு எதிர்ப்புறம் டார்ட்மத்திலும், அவற்றைச் சுற்றியும் பரவியிருக்கிறது. வசந்தத்தின் பிற்பகுதியிலும் கோடையின் தொடக்கத்திலும் தெற்கிலிருந்து வரும் ஈரமான இளஞ்சூட்டுக் காற்று இன்னும் சில்லென்றிருக்கும் கடல்நீரின் மேல் கடக்கும்போது மூடுபனியாகிக் கரையேறுகிறது. அந்த நாளில் கடலோரப் பூங்காவுக்குப் போனால் ஜூன் மாதத்திலும் கம்பளிச் சட்டை வேண்டும்; அதே வேளையில் சில கிலோமீட்டர் உள்ளே, ஏரிக்கரையில், மக்கள் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். மாறாக வடமேற்குக் காற்று நிலத்தின் மேலிருந்து வருவது. வானத்தைத் துடைத்துவிடும், குளிர்காலத்தில் எலும்பு வரை ஏறும். ஆகவே தெற்குக் காற்றென்றால் உள்ளே போங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் புழுக்கமென்றால் கடலோரம் போங்கள். குளிர்காலத்து வடமேற்குக் காற்றென்றால், முதுகுக்குப் பின்னே மரக்கூட்டமும் முகத்துக்கு எதிரே தெற்கு வெயிலும் இருக்கும் கரையைத் தேடுங்கள். வானிலைச் செயலியில் வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே திசைக்குறி இருக்கும். அதைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், பாதிப் பிரச்சினை வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

அந்தக் கடைசி வகைக் கரைக்கு நல்ல எடுத்துக்காட்டு தீபகற்பத்தின் தென்முனையில் இருக்கும் பாயிண்ட் பிளசண்ட் பூங்கா. சுமார் 75 ஹெக்டேர் பரப்பு; உள்ளே கார்களுக்கு அனுமதியில்லை. பிரிட்டிஷ் அரசிடமிருந்து ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் வாடகைக்கு, 999 ஆண்டுகளுக்கு 1866-இல் குத்தகைக்குப் பெற்ற நிலம் இது. அதற்கு முன் படையின் இடமாக இருந்ததால் மரங்களுக்கு நடுவே பழைய அரண்கள் சிதறிக் கிடக்கின்றன. 1790-களில் எழும்பிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோபுரம் என்ற தடித்த வட்டக் கட்டடம் அவற்றில் ஒன்று. கடற்கரைப் பாதையில் நின்றால் துறைமுக வாயிலுக்குள் நுழையும் சரக்குக் கப்பல்கள் கிட்டத்தில் கடந்துபோகும். கிழக்குப் பக்கத்தில் பூங்காவை ஒட்டியே கொள்கலன் முனையம் இருக்கிறது. மகளுக்குக் கப்பல் பார்க்கப் பிடிக்குமானால் அரை மணி நேரம் என்ற கணக்கு அங்கேயே மறந்துவிடும்.

ஆனால் இந்தப் பூங்காவில் நேரம் போவதற்கு என் கணக்கில் பெரிய காரணம் மரங்கள்தாம். பாதையில் நடந்தவாறே காட்டைப் பாருங்கள்: பெரும்பாலான மரங்கள் ஒரே உயரத்தில், மெலிந்து, நெருக்கமாக நிற்கும், இடையிடையே பழைய மரம் ஒன்று தனித்து ஓங்கி நிற்கும். 2003 செப்டம்பர் 29-ஆம் தேதி நள்ளிரவு கடந்தவுடன் ஹுவான் சூறாவளி கரையேறியபோது இங்கே பல்லாயிரம் மரங்கள் விழுந்தன. அன்று விழுந்தவற்றின் இடத்தில் முளைத்தவைதான் நீங்கள் பார்க்கும் இளமரங்கள். ஏன் அத்தனை விழுந்தன என்பதற்குப் பாதையோரத்திலேயே விடை கிடக்கிறது. மண் அரித்துப்போன இடங்களில் குனிந்து பார்த்தால், கொஞ்சம் இலைமக்கு, அதன் கீழே கருஞ்சாம்பல் பலகைப்பாறை. வேர் ஆழமாக இறங்க வழியில்லாமல் தட்டையாகப் பரவுகிறது. விழுந்த மரம் தன் அடியோடு வேர்த்தகட்டையும் பெயர்த்துக்கொண்டு செங்குத்தாக நிறுத்திவிடும்; அதன் பின்னால் ஒரு பள்ளம் உண்டாகும். காலப்போக்கில் தகட்டு மண் சரிந்து மேடாகிவிடும். இந்த மேடு-பள்ள இணையைத் தரையில் தேடச் சொல்லுங்கள். பள்ளம் எந்தப் பக்கம், மேடு எந்தப் பக்கம் என்று பார்த்தால் மரம் எந்தத் திசையில் சாய்ந்தது என்று நான்கு வயதுக் குழந்தையும் சொல்லிவிடும். புதிய காடு அடுத்த பெரும்புயலைத் தாங்குமா என்று கேட்டால், இப்போது இளமையாக இருப்பதால் வளைந்து கொடுக்கும் என்பது உறுதி. 50 ஆண்டு கழித்து எல்லாம் ஒரே வயதில் ஒரே உயரத்தில் நின்றால் என்ன ஆகும் என்பதில் என் தொழிலில் இருப்பவர்களுக்கே ஒருமித்த கருத்தில்லை.

இதே பூங்காவில் ஹெதர் என்னும் ஸ்காட்லாந்துப் புதர்ச்செடி ஓரிடத்தில் வளர்கிறது. ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் தங்கள் மெத்தையை உதறியபோது விழுந்த விதையிலிருந்து வந்தது என்பார்கள். செடி இருப்பது உண்மை. மெத்தைக் கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சில பாதைகளில் நாய்களைக் கயிறு இல்லாமல் விட அனுமதி உண்டு. நம் ஊர்க் குழந்தைகள் பலர் ஓடிவரும் நாயைக் கண்டு மிரள்வார்கள். நுழைவாயிலில் உள்ள வரைபடத்தில் அந்தப் பகுதிகள் குறிக்கப்பட்டிருக்கும். பார்த்துவிட்டுப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். நாய் அருகே வந்தால் ஓடாமல் நின்றுவிட வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிவையுங்கள். "கூப்பிட்டுக்கொள்ளுங்கள்" என்று உரிமையாளரிடம் கேட்பதை இங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

தெற்குக் காற்று நாள்களுக்கு உரியவை உள்பகுதிப் பூங்காக்கள். பெட்ஃபோர்ட் வளைகுடாவை ஒட்டிய ஹெம்லாக் ரவீன் பூங்கா ஒரு பள்ளத்தாக்கு. மேலே புயல்போல் வீசினாலும் கீழே தீக்குச்சி அணையாது. பின்னாளில் விக்டோரியா அரசிக்குத் தந்தையான இளவரசர் எட்வர்ட் 1790-களில் இங்கே வசித்தபோது உண்டான இதய வடிவக் குளம் இன்றும் நுழைவாயிலருகே இருக்கிறது. அதைத் தாண்டி இறங்கினால் முதிர்ந்த ஹெம்லாக் மரங்கள். அடியில் வெளிச்சம் மங்கி, தரையில் புதர் இல்லாமல், ஊசியிலைச் சருகு மெத்தென்றிருக்கும். பாதையில் வேர்கள் புடைத்திருப்பதால் தள்ளுவண்டியும் முழங்கால் வலி உள்ள பெரியவர்களும் குளத்தோடு நின்றுகொள்வது நலம். டார்ட்மத்தில் உள்ள ஷூபி பூங்கா சமதளமானது. துறைமுகத்தையும் மாகாணத்தின் மறுபக்கத்தில் உள்ள ஃபண்டி விரிகுடாவையும் இணைக்க 1826-இல் தொடங்கி, இடையில் பணமின்றி நின்று, 1861-இல் முடிந்த கால்வாய் இதன் ஊடே போகிறது. ரயில் வந்ததும் வேலையற்றுப்போன அந்தக் கால்வாயின் கரையில் இப்போது நடைபாதை. தீபகற்பத்தின் மேற்கே, கடற்கழியின் மறுகரையில், ரயில் பொறியாளர் சாண்ட்ஃபோர்ட் ஃப்ளெமிங் நகரத்துக்குக் கொடுத்த நிலத்தில் உள்ள டிங்கிள் பூங்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1912-இல் திறந்த கோபுரமும் அதன் அடியில் இரண்டு வெண்கலச் சிங்கங்களும் இருக்கின்றன. மகள் சிங்கத்தின் மேல் ஏறாமல் வரமாட்டாள்.

இத்தனை பெயர் சொன்னாலும், வாரம் ஒன்றாக எல்லாவற்றையும் பார்த்து முடிக்காதீர்கள். ஊர்க்காரர்கள் மணிக்கணக்கில் இருப்பதன் காரணம் அவர்கள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான். குழந்தைக்கு ஒரு பாறை, ஒரு பாலம், ஒரு மரம் "தன்னுடையது" ஆகிவிட்டால் அதன்பின் நீங்கள் பொழுதுபோக்குக் காட்ட வேண்டியதில்லை. வீட்டுக்கு அருகே ஒன்றைத் தேர்ந்து ஓராண்டு போய்வாருங்கள். அங்கே சிக்கடீ என்ற கருந்தொப்பிச் சிறு குருவி கட்டாயம் இருக்கும். குளிர்காலத்திலும் ஊரைவிட்டுப் போகாதது. அதன் எச்சரிக்கைக் குரல் "சிக்-அ-டீ-டீ" என்று ஒலிக்கும். ஆபத்து பெரிதாக ஆக அது கடைசி "டீ"க்களைக் கூட்டுகிறது என்பதை ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். "டீ"க்களை எண்ணிக்கொண்டு, அண்ணாந்து பருந்தையோ ஆந்தையையோ தேடுவது மகளுக்கு நல்ல வேலை. பறவைகளுக்கு இரை போடுவது குறித்து அந்தந்தப் பூங்காவின் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு நடந்துகொள்ளுங்கள். வாத்துக்கு ரொட்டி மட்டும் எங்கேயும் வேண்டாம்.

நீச்சலுக்கு ஏரிகளே ஏற்றவை. ஆகஸ்ட்டிலும் கடல்நீர் பற்களைக் கிட்டவைக்கும். டார்ட்மத்தின் பானூக் ஏரி, தீபகற்பத்துக்கு அருகே சாக்லேட் ஏரி முதலியவற்றில் ஜூலை, ஆகஸ்ட்டில் காவலர் இருப்பார்கள். நீரில் கிருமியோ நீலப்பச்சைப் பாசியோ பெருகினால் கரையில் தடை அறிவிப்பு வைப்பார்கள். அதைப் பொருட்படுத்தாமல் குளிப்பவர்களைப் பார்த்து நீங்களும் இறங்க வேண்டாம். கடலோரப் பாறைகளில், குறிப்பாக பெகிஸ் கோவ் என்னும் கடலோர ஊரில், கருத்து ஈரமாகத் தெரியும் பாறைமேல் கால் வைக்காதீர்கள். அலை அங்கே வரை வந்துபோகிறது என்பதற்குத்தான் அந்தக் கருமை அடையாளம். பெரியவர்களையே அலை இழுத்துப்போன இடம்.

உண்ணியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். லைம் என்னும் பாக்டீரியா நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி நோவா ஸ்கோஷியா மாகாணம் முழுவதும் இருக்கிறது. நகரப் பூங்காக்களும் விலக்கல்ல. அது மரத்திலிருந்து குதிப்பதில்லை. புல்நுனியிலும் புதரிலும் காத்திருந்து, உரசிப் போகும் காலில் ஏறுகிறது. பாதையின் நடுவில் நடப்பது, கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுவது, வெளிர் நிறத்தில் உடுத்துவது ஆகிய மூன்றும் ஆபத்தைப் பெருமளவு குறைக்கின்றன. வீடு திரும்பியதும் உடைகளைத் துவைக்குமுன் உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் போடுங்கள்; உண்ணி வறட்சியைத் தாங்காது. மகளின் காதுப்பின்புறம், தலைமயிர் ஓரம், அக்குள், முழங்கால் மடிப்பு, இடுப்புப்பட்டி அமரும் இடம் ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள்; இளம் உண்ணி கசகசா அளவே இருக்கும். கடித்திருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவது, சூடுவைப்பது எல்லாம் கூடாது. பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் தொற்றும் வாய்ப்பு ஏறுகிறது. இந்த மாகாணத்தில் மருந்தாளரே தடுப்பு மருந்து எழுதித்தர முடியும் என்றாலும், அதை எடுத்துக்கொள்வதற்கு, உண்ணியை அகற்றியதிலிருந்து 72 மணி நேரக் கெடு உண்டு. ஆதலால் தள்ளிப்போடாமல் மருந்துக்கடைக்குப் போய்க் கேளுங்கள். குழந்தைக்கு எது பொருந்தும் என்பதை அவர்களோ மருத்துவரோதான் சொல்ல வேண்டும். உறைநிலையைவிட நான்கைந்து டிகிரி கூடினாலே உண்ணி நடமாடத் தொடங்கும் என்பதால் நவம்பரிலும் இந்தச் சோதனை தேவை. இதற்குப் பயந்து வெளியே போகாமலிருக்க அவசியமில்லை. இரவு குளிப்பாட்டும்போது ஐந்து நிமிடம், அவ்வளவுதான்.

குளிர்காலத்தில் முடங்கிக் கிடக்கவும் வேண்டாம். 1763 முதல் ஊர்ப் பொதுநிலமாக இருந்துவரும் ஹாலிஃபாக்ஸ் காமனில் ஒரு பெரிய பனிச்சறுக்குத் திடல் உண்டு. 2011 கனடா குளிர்கால விளையாட்டுகளுக்காகத் தற்காலிகமாகக் கட்டியதை, ஊரார் விடமாட்டோம் என்று நின்றதால் நிரந்தரமாக்கினார்கள். அடையாள அட்டையைக் காட்டினால் சறுக்குக் காலணியும் தலைக்கவசமும் இலவசமாகக் கடன் தருகிறார்கள். சறுக்கத் தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அங்கே பாதிப் பேர் புதிதாக வந்தவர்கள்தாம். இந்த ஊர்க் குளிரில் சிரமம் பனியைவிட அதன் மேல் பெய்யும் மழை: பகலில் உருகி இரவில் உறைந்து நடைபாதை கண்ணாடியாகிவிடும். காலணியின் அடியில் மாட்டிக்கொள்ளும் முள்பட்டை ஒன்று வாங்கிவையுங்கள், உங்களுக்கும் மனைவிக்கும். ஏரிப் பனி தனியாள் நடக்கவே 15 சென்டிமீட்டர் தடிமன் வேண்டும் என்பார்கள். நீரோட்டமுள்ள இடத்தில் அதையும் நம்ப முடியாது, ஆகையால் அளந்து சொல்ல ஆளில்லாத ஏரியில் இறங்காதீர்கள்.

ஜூலையில் பெற்றோர் வந்ததும் முதலில் ஊர் நடுவே உள்ள பப்ளிக் கார்டன்ஸுக்குக் கூட்டிப்போங்கள். சமதளம், நிழல், நிறைய இருக்கைகள், கழிவறை. ஓட்டம், சைக்கிள், நாய் எதற்கும் அனுமதியில்லை. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். 1887-இல் கட்டிய மேடையில் கோடை ஞாயிறுகளில் பிற்பகல் இசை நடக்கும். டேலியா மலர்கள் ஜூலை இறுதிக்கு மேல்தான் நன்றாகத் திறக்கும். அங்கே அடிமரத்தில் காயம் தெரியும் மரங்கள் ஏதேனும் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். 2022 ஜூலையில் ஓர் இரவில் யாரோ புகுந்து சுமார் 30 மரங்களின் பட்டையைக் கோடரியால் கொத்திவிட்டார்கள். இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்குவது உட்பட்டை வழியாக. சுற்றிலும் அறுந்தால் மேலே பச்சையாக இருந்துகொண்டே வேர் பட்டினியில் சாகும். சிலவற்றை வெட்ட நேர்ந்தது, பல மரங்கள் இன்னும் நிற்கின்றன. பாதிக்கு மேல் பட்டை மிஞ்சிய மரம் பிழைக்கும் என்பது அனுபவம் சொல்வது. குறைவாக மிஞ்சியவை நிற்பதை வைத்து அவை தப்பிவிட்டன என்று நான் சொல்லமாட்டேன், மரம் சாகப் பத்தாண்டு எடுத்துக்கொள்ளும்.

பெற்றோருக்கு வரலாற்றில் ஆர்வமிருந்தால், பெட்ஃபோர்ட் வளைகுடாக் கரையில் உள்ள ஆஃப்ரிக்வில் பூங்காவையும் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த ஊர் அது. வரி வாங்கிக்கொண்டே குடிநீரும் கழிவுநீர் வசதியும் மறுத்த நகராட்சி, 1960-களில் வீடுகளை இடித்து மக்களை அப்புறப்படுத்தியது. சாமான்களைக் குப்பை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனதை இன்னும் சொல்லிக்கொள்கிறார்கள். தேவாலயம் 1967-இல் இடிக்கப்பட்டது. நகரம் 2010-இல் மன்னிப்புக் கேட்டது. மறு ஆண்டு சீவ்யூ என்றிருந்த பூங்காவுக்குப் பழைய பெயர் திரும்பியது. தேவாலயத்தின் மாதிரி இப்போது அருங்காட்சியகம். நீங்கள் விரிப்புப் போடும் புல்வெளியில் ஒரு காலத்தில் வீடுகள் இருந்தன. ஜூலையில் அந்தக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அங்கேயே கூடாரமடித்து ஒன்றுகூடுவார்கள். அந்த நாள்களில் அது அவர்கள் வீட்டு விசேஷம் என்பதை மனத்தில் வைத்துப் போகவும்.

இறுதியாக, கோடை வறண்டுபோனால் மாகாண அரசு காட்டுக்குள் போகவே தடை போடும். 2025 ஆகஸ்ட்டில் அப்படித்தான் நடந்தது. மீறினால் அபராதம் 25,000 டாலர், நகராட்சிப் பூங்காக்களின் மரமடர்ந்த பாதைகளும் மூடப்பட்டன. 2023-இல் நகர எல்லையிலேயே காட்டுத்தீ ஏறக்குறைய 150 வீடுகளை எரித்துவிட்ட பிறகு இதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. அத்தகைய வாரங்களிலும் கடற்கரைகளும் பப்ளிக் கார்டன்ஸும் காமனும் திறந்தே இருந்தன. பெற்றோர் ஆகஸ்ட்டிலும் தங்குவதாக இருந்தால், நீண்ட காட்டு நடைகளை ஜூலைக்குள் முடித்துக்கொண்டு, பிந்திய வாரங்களுக்குக் கடற்கரையையும் துறைமுகப் படகையும் வைத்துக்கொள்ளுங்கள்; டார்ட்மத்துக்குப் போகும் அந்தப் படகில் பேருந்துக் கட்டணந்தான்.